பன்னிரண்டு மூட்டை கனம்

பல் டாக்டர் கடலைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்குப் பிடித்தது எங்கள் தெருவுக்குச் சனி.

ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் அவர் கடலைப் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் அநேகமாக யாருமே பார்த்ததில்லை. ரயிலேறி ஒரு பகல், ஒரு ராத்திரி, மறுபடி அரைப் பகல் போனால்தான் கடல். ஊருக்கு நடுவில் ஒரு கால்வாய் ஓடுகிறது, அது ஆற்றில் சேருகிறது, ஆறு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் கடலில் போய் விழுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். படித்ததோடு சரி. டாக்டர் குடும்பத்தோடு போய் மூன்று நாள் தங்கி, முதல் அலை காலில் பட்டதும் குழந்தை மாதிரி அழுதாராம். அவருடைய டிரைவர் சொன்னது. திரும்பி வந்ததும் கிளினிக் சுவரிலிருந்த பல் படத்தை எடுத்துவிட்டு ஆமைப் படத்தை மாட்டினார். நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பவர்களிடம், ஆமையின் மூக்கில் உறிஞ்சுகுழல் மாட்டிக்கொண்ட கதையை அரை மணி நேரம் சொன்னார். வாய்க்குள் பஞ்சும் கொக்கியும் இருக்கும்போது யாரால் மறுத்துப் பேச முடியும்? 'ம்ம்' என்று முனகியவர்களையெல்லாம் உறுப்பினர் ஆக்கிவிட்டார். இரண்டே மாதத்தில் 'உள்நாட்டுக் கடல் காப்புக் குழு' எழும்பிவிட்டது.

பெயர்ப் பலகை அடித்தவன் நான்தான். கால்வாய்க் கரைத் தெருவில் எனக்குப் பேனர் அடிக்கும் கடை. 'கடலில் பிளாஸ்டிக் சேராமல் காப்போம்' என்று பிளாஸ்டிக் பேனரில் அடித்துக் கொடுத்தேன். ஒன்றல்ல, முப்பத்தாறு. வெட்கமாக இல்லையா என்று கேட்பீர்கள். முதல் பத்துக்கு இருந்தது.

என் கடைக்கு எதிரேதான் தொட்டியக்காவின் குடோன். குடோன் என்றால் நாலு பக்கமும் தகரம், மேலே பாதி தகரம், பாதி வானம். உள்ளே இடுப்பளவு உயரத்தில் மூன்று சிமெண்டுத் தொட்டிகள். ஊரில் தள்ளுவண்டியோடு அலைகிற பதினெட்டுப் பேர் பொறுக்கிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் முழுவதும் அங்கேதான் வந்து இறங்கும். மூடியைக் கழற்றி, காகிதத்தை உரித்து, அரிவாள்மணையில் இரண்டாகப் பிளந்து, அமுக்கித் தொட்டியில் போடுவார்கள். மூடி, வாளி, கைப்பை, டப்பா எல்லாம் மேலே வரும். அதற்கு அங்கே 'மிதப்பு' என்று பெயர். தண்ணீர் பாட்டில், குழாய்த் துண்டு, ரெக்சின், உடைந்த சுவிட்சுப் பெட்டி எல்லாம் அடியில் போய்ப் படுத்துவிடும். அதற்குப் பெயர் 'கனம்'. மிதப்பு ஒரு ஊருக்குப் போகும், கனம் வேறு ஊருக்குப் போகும். ஒன்றில் மற்றது கலந்தால் லாரி திரும்பி வந்துவிடும். அதனால் அந்தக் குடும்பத்துக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் முதலில் தோன்றுவது அது மிதப்பா, கனமா என்பதுதான். பெண் பார்க்க வந்த ஒருவனை அக்காவின் நாத்தனார் 'சரியான மிதப்புக் கேஸு' என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள் என்று கேள்வி.

சந்தேகமான சரக்கை அக்காவின் புருஷன் கடித்துப் பார்த்துச் சொல்லுவார். கடைவாயில் வைத்து ஒரு கடி, நாக்கால் ஒரு தடவல், துப்பிவிட்டு 'கனம்' என்பார். பிசகியதே கிடையாது. அவருக்குக் கடியண்ணன் என்று பெயர் வந்தது அதனால்தான். ஜோக் சொல்கிறவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததில்லை.

குழு என்ன செய்தது? முதலில் ஊர்வலம் போனது. பிறகு நீல நிற டிரம்மை வரிசையாகக் கயிற்றில் கட்டி, அதிலிருந்து ஒரு முழத்துக்கு வலையைத் தொங்கவிட்டு, பாலத்துக்குக் கீழே கால்வாயின் குறுக்கே போட்டது. அதற்கு 'கடல் வாசல்' என்று டாக்டர் பெயர் வைத்தார். மூன்றாவதாக, கடலைக் கெடுக்கிற இடங்கள் என்று ஒரு பட்டியல் எழுதி நகராட்சியில் கொடுத்தது. பாலத்தில் நின்று பார்த்தால் கண்ணில் படுகிற முதல் அழுக்கு தொட்டியக்காவின் குடோன். அதனால் பட்டியலிலும் அதுவே முதல்.

அக்காவிடம் குற்றமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தொட்டி கழுவின தண்ணீர் கால்வாய்க்குத்தான் போகும். போகிற வாயில் பழைய கொசுவலையை நாலாக மடித்துக் கட்டியிருந்தாள், தினமும் அவிழ்த்து உதறுவாள், அப்படியும் தூள் கொஞ்சம் போகத்தான் செய்தது. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு லாரி பிளாஸ்டிக்கை அந்தக் கால்வாய்க்குப் போகாமல் நிறுத்திக்கொண்டிருந்த ஒரே இடமும் அதுதான். இது டாக்டருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் தெருவில் இறங்கி நடந்திருக்க வேண்டும்.

நோட்டீஸ் வந்தது. பதினைந்து நாளில் தொட்டிகளை மூட வேண்டும், இல்லையென்றால் நகராட்சியே இடிக்கும். தொட்டி இல்லாமல் பிரிக்க முடியாது. பிரிக்காத சரக்கை எந்த லாரியும் ஏற்றாது.

பத்தாவது நாள் மத்தியானம் நான் குடோனில்தான் உட்கார்ந்திருந்தேன். வெயில் தகரத்தில் ஏறிக் கொதித்தது. மூடியைக் கவிழ்த்து வைத்த டிரம்மின் மேல் சோற்றுப் பாத்திரம். அக்கா கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சோற்றில் வைப்பாள். அப்படியும் விரல் நுனியில் ஷாம்பு வாசனை போகாது என்று அலுத்துக்கொள்வாள். அப்போது அவள் கொழுந்தன் வந்தான். டாக்டரின் டிரைவர் என்று சொன்னேனே, அவன்தான். இந்தக் குடோனில் பொறுக்கி வளர்ந்தவன். டாக்டர் கொடுத்த நீலச் சட்டையில் வெள்ளையாக ஒரு மீன் இருந்தது.

"அண்ணி, சோறு இருக்கா?"

"மீனுக்கெல்லாம் சோறு போடுறதில்ல. உக்காரு."

உட்கார்ந்தான். இரண்டு வாய் சாப்பிட்டான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"சனிக்கிழமை பதினோரு மணிக்கு விழா. கடற்கரையிலிருந்து மீனவர் சங்கத் தலைவி வர்றாங்க. அந்த அம்மாகிட்ட கடல் வாசலைக் காட்டணும்."

"காட்டட்டும். நான் வேணாம்னேனா?"

"அதுல ஒண்ணும் மாட்ட மாட்டேங்குது அண்ணி. ஒரு வாரமா ஒரு செருப்பு, ஒரு பந்து. பந்துகூட பக்கத்துப் பசங்களோடது. கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க."

கடியண்ணன் நிமிர்ந்தார். "எப்படி மாட்டும்? எல்லாத்தையும்தான் நம்ம ஆளுங்க தெருவுலயே எடுத்துடுறாங்களே."

"அதைத்தான் டாக்டரும் கேக்குறாரு." கொழுந்தன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "ஒரு பத்து பன்னெண்டு மூட்டை குடுத்தீங்கன்னா, காலையில மேல மில்லுக்குப் பின்னாடி கொட்டிவிட்டுடலாம். பதினோரு மணிக்குள்ள வந்து வலையில மாட்டிக்கும். அந்தம்மா பாப்பாங்க, படம் எடுப்பாங்க. அப்புறம் நீங்களே அள்ளிக்கலாம். ஒரு துண்டு குறையாது. நோட்டீசை அவர் பாத்துக்கிறேன்னுட்டாரு."

அக்கா கையில் எடுத்த கவளத்தைத் திருப்பிப் பாத்திரத்தில் போட்டாள்.

"என்ன சொன்ன? மறுபடி சொல்லு."

"நோட்டீசை..."

"அது இல்ல. முன்னாடி."

அவன் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

"பொறுக்கி, உரிச்சு, வெட்டி, கழுவி வச்சிருக்கிறதைத் தூக்கி மறுபடி தண்ணியில போடணுமா? கடலைக் காப்பாத்துறதுக்கா?" அவள் சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை. "பல்லைப் புடுங்குறவரு மூளையையும் சேத்துப் புடுங்கிப்பாரோ? உன்னோடதையும் புடுங்கிட்டாரா?"

"அண்ணி, தொட்டி போயிடும்."

"போனா போகட்டும்."

"போனா போகட்டும்னா?" கடியண்ணன் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "எனக்கு இதை விட்டா என்ன தெரியும்? பதினெட்டு வண்டிக்காரன் எங்க போவான்? ரெண்டு மணி நேரம் தண்ணியில கிடக்கப் போகுது, அவ்வளவுதான். தொட்டியில கிடக்கலையா?"

"தொட்டிக்கு அடி இருக்கு. கால்வாய்க்கு எங்க அடி இருக்கு?"

"ரொம்பப் பேசுற."

"நான் நகராட்சிக்குப் போய் நானே பேசுறேன். சனிக்கிழமை காலையில வரச் சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் ஒரு மூட்டையை எவனாவது தொட்டான், அவன் கையை அரிவாள்மணையில வச்சு வெட்டுவேன். அண்ணனாவது தம்பியாவது."

டிரைவர் சோற்றை முடித்துவிட்டு, கை கழுவிவிட்டுப் போனான். நான் கடைக்கு வந்து, 'கடலின் அன்னையே வருக' என்று தலைவிக்கு வரவேற்புப் பேனர் அடித்தேன். இருபதடி.

மறுநாள் டாக்டரே என் கடைக்கு வந்தார். எழுத்தின் நிறத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். நீலத்தில் எத்தனை வகை என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். போகும்போது டிரைவரைத் திரும்பிப் பார்த்து, "அந்த ஏற்பாடு ஞாபகம் இருக்கட்டும்பா. ஏதோ பத்து கவர் மிதந்துச்சுன்னு இருக்கக் கூடாது. பாக்குறதுக்குக் கனமா இருக்கணும். நல்லா கனமா," என்றார்.

"சரிங்க டாக்டர். கனமே போட்டுடுறோம்," என்றான் அவன்.

எனக்குச் சுருக்கென்றது. டாக்டர் சொல்லும் கனம் வேறு, குடோனில் பிறந்து வளர்ந்தவன் காதில் விழும் கனம் வேறு. நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. டாக்டர் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. நடக்கட்டும், வேடிக்கை பார்ப்போம் என்று இருந்துவிட்டேன். அடுத்தவர்களைப் பார்த்து நான் சிரிப்பதற்கு முன்னால் இதையும் சொல்லிவிட வேண்டும்.

சனிக்கிழமை காலை அக்கா வெளுத்த சேலை கட்டிக்கொண்டு, நோட்டீசை மடித்து மடியில் செருகிக்கொண்டு நகராட்சிக்குப் போனாள். அவள் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், டிரைவர் ஒரு சின்ன வண்டியோடு வந்தான். கடியண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார்.

"எது வேணுமாம்?"

"கனம் கேட்டாரு அண்ணே. நல்ல கனமா."

"கனமா? மிதப்புதானே மாட்டும்?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா ரெண்டு தரம் அழுத்திச் சொன்னாரு. வலை தொங்குதுல்ல, அடி வரைக்கும் போட்டிருப்பாங்களோ என்னவோ. படிச்சவங்க."

 படித்தவர்கள் என்ற சொல் கடியண்ணனை எப்போதும் ஊமையாக்கிவிடும். உள்ளே போய், கட்டி வைத்திருந்த கனத்தில் பன்னிரண்டு மூட்டையைத் தூக்கி வந்து ஏற்றினார். ஒவ்வொன்றையும் ஏற்றும்போது ஒரு துண்டை உருவிக் கடித்துப் பார்த்தார். டாக்டர் கேட்டு மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டோம் என்று பெயர் வரக் கூடாதாம். அதில் ஒரு மிதப்பு கூடக் கலக்கவில்லை. மில்லுக்குப் பின்னால் போய்ப் பன்னிரண்டையும் அவிழ்த்துக் கொட்டிவிட்டு வந்தார்கள்.

பத்தரை மணிக்கு அக்கா திரும்பினாள். முகம் கறுத்திருந்தது. என் கடை வாசலில் நின்று ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"என்ன சொன்னாங்கக்கா?"

"என்ன சொல்லுவான்? பேப்பரைக்கூடப் பாக்கல. டாக்டர் வாபஸ் வாங்குனா விட்டுடுவோம், இல்லன்னா புதன்கிழமை ஆளு வரும்கிறான். அவ்வளவுதான். என் தொட்டியைப் பத்தி அவனுக்கு ஒரு கேள்வி இல்ல."

குடோனுக்குள் போனாள். நான் பேனரை மடிப்பது போல நின்றுகொண்டிருந்தேன்.  உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

"எந்த மூட்டை போச்சு?"

"கனம்," என்றார் கடியண்ணன்.

"கனமா?"

"கனம்தான் கேட்டாங்க."

"அந்த வலை எத்தனை ஆழம்?"

உள்ளே ஒரு மூட்டையை நகர்த்துகிற சத்தம் வந்தது.

"ஒரு முழம்யா, ஒரு முழம்! பாலத்துல போறப்ப வர்றப்ப பாக்கலையா நீ? கடிச்சுக் கடிச்சு உனக்குக் கண்ணே போயிடுச்சா? கனத்தைப் போட்டா அது அடியோட அடியா உருண்டுட்டுப் போயிடாதா? மிதப்பைப் போட்டிருந்தாலாவது நாலு துண்டு திரும்பி வந்திருக்கும்." அவள் குரல் உடைந்தது. "இருபது வருஷமா ஒரு துண்டு விட்டிருப்பேனா நான்? தண்ணி போற வாய்க்கு வலை கட்டி வச்சு அரிச்சனே..."

விழாவுக்குக் கூட்டம் நிறையவே வந்திருந்தது. கால்வாய்க் கரையில் பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி. தலைவி வந்து இறங்கினார். ஒல்லியாக, கறுத்து, பருத்திச் சேலையில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. இருபதடி பேனரில் இருந்த தன் படத்தைப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டார். அது நான் கொஞ்சம் வெளுப்பாக்கி அடித்த படம்.

டாக்டர் கையை நீட்டிக் கடல் வாசலைக் காட்டினார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நீல டிரம்கள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. வலையில் ஒரு வாழைப்பழத் தோல்கூட இல்லை. டாக்டருக்கு முகம் வெளுத்தது. டிரைவரைத் தேடினார். அவன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான், துடைத்த இடத்தையே.

குழுவின் செயலாளர் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். நடந்த ஏற்பாடு எதுவும் தெரியாத ஆள். அவர்தான் டாக்டரின் காதருகே போய், "எவ்வளவு சுத்தம் பாத்தீங்களா?" என்றார். அவ்வளவுதான், டாக்டருக்கு உயிர் வந்துவிட்டது. மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே! இந்த வலையைப் பாருங்க. காலி! ரெண்டே மாசத்துல நம்ம ஊர்லேருந்து கடலுக்குப் போற பிளாஸ்டிக்கை ஜீரோ ஆக்கியிருக்கோம்!"

கைதட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப் பேர் கையில் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில் இருந்தது. அதனால் சத்தம் கொஞ்சம் மந்தமாகத்தான் வந்தது.

டாக்டருக்குத் தாராளம் பொங்கியது. "இந்த நல்ல நாள்ல யார் மனசும் நோகக் கூடாது. இந்தக் கரையில ஒரு குடும்பம் தொட்டி வச்சுப் பொழைக்குது. அவங்க மேல குழு குடுத்த புகாரை வாபஸ் வாங்குறோம்!"

மறுபடி கைதட்டல். கூட்டத்தின் பின்னால் நின்ற கடியண்ணன் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"கேட்டியா? பொழச்சோம். இனி வாயைத் திறக்காத. வீட்டுக்கு வா."

அக்கா தலையை ஆட்டினாள். நிஜமாகவே திரும்பிப் போகத்தான் அடியெடுத்து வைத்தாள். அதற்குள் மைக்கைத் தலைவியிடம் கொடுத்திருந்தார்கள்.

"எனக்குப் பேசத் தெரியாது," என்றார் அவர். "நாங்க வலையை அடியில இழுக்கிறவங்க. மேல மிதக்கிறதைப் பத்தி எங்களுக்குப் பெரிய கவலை இல்லை. அதைக் காத்து கரையில கொண்டாந்து தள்ளிடும், பொறுக்கிடலாம். அடியில கெடக்குதே, அதுதான் வலையில ஏறுது. குழாய்த் துண்டு, பாட்டில் துண்டு, ரெக்சின். போன மாசம் என் மகன் தூக்க மாட்டாம தூக்குனான். மீனுன்னு நெனச்சோம். அவ்வளவு கனம். வலை கிழிஞ்சு போச்சு. உங்க வலை மேல நல்லா இருக்கு. அடியில என்ன இருக்குன்னு யாராவது பாத்தீங்களா?"

 வாத்தியார் கைதட்டத் தொடங்கி, யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டார்.

அக்கா புருஷன் கையை உதறினாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், வெளுத்த சேலையோடு கால்வாயில் இறங்கினாள். இடுப்பு வரை தண்ணீர், பிறகு மார்பு வரை. கால்வாய் திரும்புகிற வளைவுக்கு உள்பக்கம், தண்ணீர் சோம்பி நிற்கும் இடத்தில் நின்று காலால் துழாவினாள். குனிந்து முழுகி எழுந்தபோது இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்தாள். பிளந்த பாட்டில்கள், ஒரு குழாய்த் துண்டு, ஒரு சுவிட்சுப் பெட்டி. அதைக் கரையில் டாக்டரின் காலடியில் போட்டாள்.

"பாத்தாச்சுங்கம்மா," என்றாள் தலைவியிடம். "என் சரக்குதான். பன்னெண்டு மூட்டை. காலையில எங்க வீட்டு ஆளுங்கதான் கொட்டினாங்க. உங்களுக்குக் காட்டுறதுக்கு."

"அம்மா," என்றார் டாக்டர், பல் கூசுகிறவரிடம் பேசும் அதே இதமான குரலில். "நிகழ்ச்சி நடந்துக்கிட்டிருக்கு. விழா முடிஞ்சப்புறம் பாத்துக்கலாமே."

"விழா முடியிற வரைக்கும் தண்ணி நிக்காதுங்க. சனிக்கிழமை நாலு மணிக்கு மேல இருக்கிற மதகைத் திறப்பாங்க. திறந்தா அத்தனையும் ஆத்துக்குப் போயிடும். ஒரு போன் போட்டு நாளைக்குத் திறக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"அது எப்படிம்மா? எழுத்துல குடுக்கணும். காரணம் கேட்டா என்னன்னு எழுதுறது?"

அக்கா அவரை ஒரு தரம் பார்த்தாள்.  மறுபடி முழுகினாள்.

தலைவி சேலையைத் தூக்கிச் செருகினார். "வலை இருக்கா ஊர்ல?" என்று கேட்டார். ஒரு முழத்துக்குத் தொங்கும் அந்த வலையை விட்டால் ஊரில் ஏது வலை? சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் இருபதடி பேனரைக் காட்டி, "அதை அவுருங்க," என்றார். தன் படத்தின் மேலேயே தண்ணீர் வடிய அங்கங்கே கத்தியால் பொத்தல் போட்டுவிட்டு, கீழ் விளிம்பில் கல்லைக் கட்டி, ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறுமுனையை யாராவது பிடிக்கச் சொன்னார். கூட்டத்தில் நூறு நீலச் சட்டை இருந்தது. எல்லோரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்தார்கள். செருப்பு நனையுமே. நான் இறங்கினேன். வீரமெல்லாம் இல்லை. சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தைதான் என்னை இறக்கியது. எனக்குப் பின்னால் கடியண்ணன் இறங்கினார், அப்புறம் அவர் தம்பி, மீன் போட்ட சட்டையோடு.

அடியை ஒட்டி இழுத்தோம். சேறு, கல், பிறகு கனம். பேனர் நிறையக் கொண்டுவந்து கரையில் கவிழ்த்தோம். மறுபடி இழுத்தோம். பந்தலைப் பிரித்தார்கள், நாற்காலி போயிற்று, மைக் போயிற்று. டாக்டருக்கு மூன்று மணிக்கு ஒரு பல் இருந்தது, போய்விட்டார். விழாவில் மிஞ்சிய பன்னும் ஆறிப்போன டீயும் யாரோ கொண்டுவந்து வைத்தார்கள். நின்றபடியே தின்றோம். தலைவி பேசாமல் வேலை செய்தார். ஒரே ஒரு தரம்தான், அக்காவைப் பார்த்து, "சும்மா இருந்திருந்தா தொட்டி தப்பியிருக்கும்ல?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"அப்புறம் ஏன்?"

"உங்க பையன் தூக்கினான்னு சொன்னீங்களே," என்றாள் அக்கா. 

நாலு மணிக்கு மதகு திறந்தது. ஒரு நிமிஷம் பிந்தவில்லை. இந்த ஊரில் நேரத்துக்கு நடக்கிற ஒரே காரியம் அதுதான். தண்ணீர் கழுத்துக்கு ஏறியதும் கரைக்கு வந்துவிட்டோம். அள்ளியதைக் கட்டிப் பார்த்தால் ஒன்பது மூட்டை. அக்கா கரையில் உட்கார்ந்து, கலங்கி ஓடும் தண்ணீரைப் பார்த்து வாய்விட்டு அழுதாள். கடியண்ணன் பக்கத்தில் நின்று, ஈரக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை குழு அவசரமாகக் கூடியது. ஒழுங்கீனம் காரணமாக, வாபஸ் வாங்கியதை வாபஸ் வாங்கியது. புதன்கிழமை நகராட்சி ஆட்கள் கடப்பாறையோடு வந்தார்கள். மூன்று தொட்டியையும் உடைக்க அவர்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. லாரி நின்றது. சரக்கு தேங்கியதும் தள்ளுவண்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போனார்கள். கடியண்ணன் மரக்கடையில் கட்டை சுமக்கிறார். அங்கே கடித்துப் பார்க்க ஒன்றும் இல்லை. தெருவில் யாரும் எடுக்காத பாட்டிலும் கவரும் எங்கே போகும்? கால்வாய்க்குத்தான். மூன்றே வாரத்தில் கடல் வாசல் நிரம்பி வழிந்தது. டாக்டர் தினமும் காலையில் பாலத்தில் நின்று அதைப் பார்த்துப் பூரித்துப் போகிறார். 'இப்பத்தான் வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு' என்று எல்லோரிடமும் சொல்கிறார்.

குழுவின் ஆண்டறிக்கையைப் பேனராக அடிக்கும் வேலையும் எனக்கே வந்தது. எழுதிக் கொடுத்த தாளில் மூன்றாவது வரி இது: 'ஒரே நாளில் ஒன்பது மூட்டை பிளாஸ்டிக் கடலுக்குச் செல்லாமல் தடுத்து நிறுத்தப்பட்டது.'

அன்றைக்கு அக்கா கடைக்கு வந்திருந்தாள். திரையில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"இது நம்ம ஒன்பது தானே?"

"ஆமாக்கா."

"மீதி மூணு?"

நான் எழுத்தின் அளவைச் சரிசெய்வது போலத் திரையைப் பார்த்தேன்.

"அதையும் போடு. அனுப்புனதை அனுப்புனோம்னு சொல்லணும்ல. யாரு பேரும் போட வேணாம்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் என்னால் தட்ட முடியவில்லை. கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'மூன்று மூட்டைகள் கடலுக்கு அனுப்பி வைக்கப்பட்டது.' சரிபார்க்க வாத்தியார் வருவார், அடித்துவிடுவார், நானும் தப்பித்துக்கொள்வேன் என்பதுதான் என் கணக்கு.

வாத்தியார் சாயங்காலம் வந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, சிவப்புப் பேனாவோடு தாளின் மேல் குனிந்தார். மூன்றாவது வரியைத் தாண்டினார். நாலாவது வரியில் பேனா நின்றது. அக்கா வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யார் எழுதினது?"

"ஏன் சார்?"

"மூட்டைகள்னு பன்மையில ஆரம்பிச்சிட்டு வைக்கப்பட்டதுன்னு முடிச்சா எப்படி? வைக்கப்பட்டன. இதெல்லாம் மூணாம் வகுப்புப் பாடம்." அடித்துத் திருத்தினார். தாளைத் தூரத்தில் நீட்டிப் பிடித்து இன்னொரு தரம் முழுக்கப் படித்துவிட்டுத் திருப்தியாகத் தலையை ஆட்டினார். "குழு செஞ்ச நல்ல காரியம். இதை ஏன் இவ்வளவு சின்னதாப் போட்டிருக்கீங்க? எழுத்தைப் பெருசாக்குங்க."